மயக்க மருந்து டாக்டரான மருமகளுக்கு

சேசு மரி சூசை

வேம்பார்

பாசமுள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நீ எம்.டி. பாஸ் பண்ணிவிட்டதை உன் அப்பா போனில் சொன்னான். தீசிஸ், நாலு பேப்பர், லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. மறுநாள் காலைப் பூசையை உன் பேரில் ஒப்புக்கொடுத்தேன். பங்குச் சாமியார் அறிவித்ததும், கோயிலை விட்டு வெளியே வந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எதுக்குள்ள டாக்டரு, கண்ணுக்கா காதுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மயக்க மருந்துக்கு என்றேன். "ஊசி போட்டுத் தூங்கவைக்கதுக்கு மூணு வருசப் படிப்பா?" என்றாள். அவளுக்கு அங்கேயே நின்று பதில் சொன்னேன். உனக்கும் அதை எழுத வேண்டும். ஏனென்றால், உன்னோடு கூடப் படித்த யாரோ "சர்வீஸ் கோட்டாவில் வந்தவள்தானே" என்று பேசியது உன் மனசை உறுத்துகிறதாமே. அதையும் உன் அப்பாதான் சொன்னான்.

நான் நர்ஸம்மாவாக இந்தக் கரையில் வீடுவீடாக நடந்த காலத்தில் 108 ஆம்புலன்ஸ் கிடையாது. அது 2008 செப்டம்பரில்தான் வந்தது. வலி கண்ட பிள்ளையை வாடகை வேனில் ஏற்றி, ஒரு கையில் அவள் கையையும் மறு கையில் ஜெபமாலையையும் பிடித்துக்கொண்டு போவேன். போய்ச் சேர்ந்த இடத்தில் மகப்பேறு டாக்டரம்மா இருப்பார்கள், தியேட்டரும் இருக்கும். "மயக்க டாக்டர் இல்லை, தூத்துக்குடிக்குக் கொண்டுபோங்க" என்பார்கள். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்த ரோட்டில் ராத்திரி நேரம் போவது எப்படி இருக்கும் என்று, ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும். கத்தி பிடிக்கிற கை இருந்தும், மயக்கம் கொடுக்கிற கை இல்லாமல் போனதால் எத்தனை பேர் அலைந்தார்கள் அம்மா! இது நம்ம ஊர்க் குறை மட்டுமில்லை. நாடு முழுக்க இப்படி இருந்ததால்தான் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்கிற திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. நம்ம பக்கம் அவசரப் பிரசவம் பார்க்கிற சீமாங் சென்டர்கள் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் 24 மணி நேரமும் ஓடுகிற தியேட்டருக்கு உன்னைப் போல ஒருத்தி இருந்தே ஆக வேண்டும்.

தூங்கவைப்பது மட்டுமா உன் வேலை? சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் தாய்க்குப் பிரஷர் மடமடவென்று இறங்கும். அது இறங்கினால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிற ரத்தமும் குறையும். அவளை இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, அந்தச் சில நிமிஷத்துக்குள் இரண்டு உயிரையும் பிடித்து நிறுத்துகிறவள் நீ. பனங்காட்டில் நல்ல பாம்பு கடித்து, நெஞ்சுத் தசை ஓய்ந்து மூச்சு நின்றுபோகிறவனுக்குக் குழாய் போட்டு, விஷம் இறங்குகிறவரை அவன் மூச்சை ஓட்டுகிறவளும் நீதான். பனையிலிருந்து விழுந்தவனுக்கு எலும்பு டாக்டர் வருமுன்னே நீ வர வேண்டும். இதையெல்லாம் சொன்னதும் கேட்டவள் வாயடைத்து நின்றாள். "அப்ப நம்ம பிள்ளைதான் பெரிய டாக்டரு" என்றாள். நான் மறுக்கவில்லை.

இனி கோட்டா விஷயம். நீ அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, பகலில் ஓ.பி.யும் ராத்திரியில் பிரசவமும் பார்த்துக்கொண்டே நீட் பி.ஜி.க்குப் படித்தாய். 2022 மே 21-ல் எழுதினாய். 200 கேள்வி, தப்பாக எழுதினால் ஒரு மார்க் போகும். அந்தத் தாள் உனக்கும் ஒன்றுதான், வேலைக்கே போகாமல் அறையைப் பூட்டிக்கொண்டு படித்தவர்களுக்கும் ஒன்றுதான். எட்டாத ஊர்களில் வேலை பார்க்கிற ஒவ்வொரு வருசத்துக்கும், எடுத்த மார்க்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை சேர்த்துக் கொடுக்கலாம் என்பது அப்போது இருந்த மருத்துவக் கவுன்சில் விதி. அதை யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை. கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச் வெளிச்சத்தில் நீ தையல் போட்டதற்கான கூலி அது.

அரசு வேலையில் இருக்கிற டாக்டர்களுக்கான இந்த சர்வீஸ் கோட்டா இடஒதுக்கீடும் சும்மா கிடைக்கவில்லை. பட்ட மேற்படிப்பில் சர்வீஸ் டாக்டர்களுக்குத் தனி இடம் கூடாது என்று சொல்லப்பட்டபோது, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப் படித்தவர்கள் கிராமம், மலை, பழங்குடி மக்கள் இருக்கிற இடங்களில் குறைந்தது 5 வருசம் வேலை செய்ய வேண்டும். வேம்பார் மாதிரி ஊருக்கு ஸ்பெஷலிஸ்ட் வரவேண்டும் என்றுதான் இந்த வழியே திறந்தது. அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் இந்தக் கரையில் ஒரு ராத்திரி பிரசவம் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். இந்தப் பேச்சு எனக்கு ஆத்திரமாகவே வருகிறது. நீ படித்த ஹைகிரவுண்ட் காலேஜில் வைவா எடுக்க வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர், எந்த கோட்டா என்று உன்னிடம் கேட்டாரா? மேஜையில் படுத்திருக்கிறவள் கேட்பாளா?

உலகத்தின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர் நம்ம நாட்டுக்காரி என்று முன்பு நீதான் எனக்குச் சொன்னாய். 1880-களின் கடைசியில் ஹைதராபாத்தில் குளோரோஃபார்ம் கொடுத்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி. பூசைக்கு வந்த பெண்களிடம் அதையும் சொன்னேன். நம்ம கடற்கரைக்கும் ஆஸ்பத்திரி புதுசில்லை. நானூறு வருசத்துக்கும் முன்பே புன்னைக்காயலில் ஹென்றீக்கஸ் அடிகளார் ஒன்று நடத்தியிருக்கிறார்.

சென்னையில் கிரிட்டிக்கல் கேர் படிக்க ஆசை என்றாயாமே. படி, நான் தடுக்க மாட்டேன். அதற்கான டி.எம். படிப்பிலும் தமிழ்நாட்டு சர்வீஸ் டாக்டர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்க 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டதே. ஆனால் போஸ்டிங் கவுன்சிலிங்கில் நம்ம பக்கத்துச் சீமாங் சென்டர் காலியாக இருந்தால், முதலில் அதை எடு. சில வருசம் இங்கே கை பழகிய பிறகு போ. இது உன் அத்தையின் ஆசை மட்டுமல்ல, வேன் பின்சீட்டில் உட்கார்ந்தவளின் விண்ணப்பம்.

இன்னொரு காரியமும் உன்னால் ஆக வேண்டும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, சங்குகுளிப்பு நிற்கவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் மூச்சடக்கி இறங்கி, மூச்சு முட்டியதும் மேலே வந்தார்கள். இப்போது கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் அடியில் கிடக்கிறார்கள். சட்டென்று மேலே வந்தால் உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழியாகி, மூட்டையும் தண்டுவடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று நீ படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. வலிக்கிறது என்று திரும்பவும் கடலுக்குள் இறங்கக் கூடாது, படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நான் சொன்னால் "சரி நர்ஸம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எம்.டி. படித்த நீ சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். லீவில் வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசு. தேதியை முன்கூட்டியே சொல், சாமியாரிடம் கேட்டு வைக்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துச் சங்குகுளி ஆட்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

கருப்பட்டி ஒரு சிப்பம் உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். டூட்டிக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தை