தூது போகத் தெரியுமா?

கோடை விடுமுறையில், தேவாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், என் மகனும் கொழுந்தனார் பிள்ளைகளும் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடினார்கள். 1974-இல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை. ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்கள். எதிரே யார் வந்தாலும் வெட்டுதான்!

"அந்தப் பூதத்துக்கு என்ன வேணும்னு கேட்டீங்களாடா?" என்றேன்.

"கொன்னாத்தான் பாயிண்ட், பெரியம்மா!"

"பேசி ஜெயிச்சாலும் அதே பாயிண்ட் குடுங்க. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்டே தூது போகலையா?"

மறுநாள் பூதம், காணாமல் போன தன் குட்டியைக் கேட்டது. தேடிக் கொடுத்து வழி வாங்கினார்கள்.

அன்றிரவு மகன் கேட்டான்: "ஏலத்தோட்ட எல்லைக்காக அப்பாவும் சித்தப்பாவும் பேசாம இருக்காங்களே, அதுக்கு யாரும்மா தூது?"

விடிந்ததும் தூக்குச்சட்டியில் பணியாரத்தோடு ஓரகத்தி வீட்டுப் படியேறினேன், சகோதரிகளே!