நூல் கட்டிய தாயக்கட்டை

பதினோராம் வகுப்பில் நிகழ்தகவு தொடங்கும் நாளன்று நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. பையிலிருந்து இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து மேசைமேல் உருட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்து அம்மாயியோடு தாயம் ஆடிய கைகள் அங்கே நிறைய உண்டு.

ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகங்கள். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஆக விழக்கூடியவை 1 (அதுதான் தாயம்), 2, 3, 4, 5, 6, 12. "தாயம் விழ என்ன வாய்ப்பு?" என்று கேட்டால், ஏழில் ஒன்று என்று வகுப்பு முழுக்கச் சொல்லும். ஆண்டுதோறும் இதே விடைதான். அதை உடனே தவறென்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டையில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டி, "இப்ப எழுதுங்க" என்பேன்.

நூல் கட்டிய கட்டைக்கு நான்கு, கட்டாததற்கு நான்கு. கட்டம் போட்டால் பதினாறு. தாயம் இரண்டு இடங்களில் வருகிறது: நூல்கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை, அல்லது நேர்மாறாக. மூன்றுக்கு நான்கு இடங்கள். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் ஒவ்வொன்றுதான். தாயத்துக்குப் பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று.

ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஏனுங்க சார், நூலக் கட்டாம உருட்டுனா அந்த ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

என் முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. "நூலு நம்ம கண்ணுக்குத்தான், கண்ணு. அதை அவுத்துட்டா ரெண்டு பித்தளையும் ஒரே பித்தளை ஆயிருமா?" என்றேன். அவள் கட்டைகளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய கணித மேதையான தலம்பேரே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு நான்கில் மூன்று. மூன்றில் இரண்டு என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார் அவர். வழிகளை எண்ணினார்; அவை சமவாய்ப்புள்ளவையா என்று பார்க்கவில்லை. ஏழில் ஒன்று என்று சொன்ன பிள்ளைகளுக்கு இந்தக் கதையை மறக்காமல் சொல்வேன்.

பிறகு உருட்டிப் பார்ப்போம். நாற்பது பேர், ஆளுக்குப் பதினாறு முறை, மொத்தம் 640. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எட்டில் ஒன்று என்றால் தாயம் ஏறத்தாழ 80 முறை விழ வேண்டும். ஏழில் ஒன்று என்றால் 91. இந்த இடைவெளி போதாது, தற்செயல் அதை எளிதாக விழுங்கிவிடும். அதனால் மூன்றையும் பன்னிரண்டையும் எண்ணச் சொல்வேன். கட்டம் சரியென்றால் மூன்று 160 முறையும் பன்னிரண்டு 40 முறையும் வர வேண்டும்; ஏழில் ஒன்று என்றால் இரண்டுமே 91. கோடு போட்டு எண்ணி முடிக்கும்போது யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

"எட்டு தடவ போட்டா தாயம் உழுந்தே தீரும்" என்று வீட்டில் சொல்வார்கள். எட்டு முறையும் விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழின் எட்டாம் அடுக்கு, நூற்றுக்கு முப்பத்துநான்கு. பித்தளைக்குப் போன ஆட்டம் நினைவிருக்காது.

எங்கள் புத்தகத்தில், வழிகளை எண்ணச் சொல்லித்தரும் சேர்ப்பியல் முதல் தொகுதியில் நான்காம் பாடம், நிகழ்தகவு இரண்டாம் தொகுதியில் பன்னிரண்டாம் பாடம். நடுவே மாதங்கள் ஓடிவிடும். தொடக்க காலத்தில் நானும் சூத்திரங்களைப் பலகையில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். வரிசை மாற்றமா சேர்வா என்று கேட்டால் மட்டும் விழித்தார்கள். இப்போது சேர்ப்பியலைத் தேங்காயைக் கொண்டு தொடங்குகிறேன்.

பத்துக் காய்களில் மூன்றை எடுத்துப் பையில் போடுகிறோம். முதல் காய்க்குப் பத்து வழி, அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்ததற்கு எட்டு, 720. பைக்குள் போனபின் எது முதலில் வந்தது என்று காய்க்குத் தெரியுமா? அ, ஆ, இ என்று மூன்று காய்களுக்குப் பெயர் வைத்து ஆறு வரிசைகளையும் பலகையில் எழுதுவேன். ஆறும் ஒரே பை. அதனால் 720-ஐ ஆறால் வகுக்கிறோம்; 120. 'ஏன் வகுக்கிறோம்' என்பதை இந்த ஆறு வரிகளைத் தவிர வேறெதுவும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரும் இப்படி வரிசை பாராமல் எண்ணினார். பதினாறு வாசனைப் பொருள்களில் நான்கைக் கலக்க 1820 வழிகள் என்றார். கலந்தபின் அங்கேயும் வரிசை கிடையாது.

அந்தப் பத்தில் இரண்டு அழுகல் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் நல்ல காயாக அமைய 56 வழிகள், அதாவது 120-க்கு 56. கிட்டத்தட்டப் பாதி. "அப்ப மூணு காய ஒடச்சுப் பாத்து லோடு வாங்குறது ஆகாதுங்க சார்," என்றான் தோப்புக்காரர் வீட்டுப் பையன் ஒருவன். சூத்திரம் அவன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

போன மாதம் அந்த நூல்கட்டைப் பெண் ஒரு டப்பாவில் புளியங்கொட்டைகள் கொண்டு வந்தாள். ஆத்தா ஆட்டத்துக்காக ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியவை. "இதுல வெள்ள விழுறது பாதிக்குப் பாதிங்களா?" என்றாள். ஒன்றை விரலில் உருட்டினேன். தேய்த்த பக்கம் தட்டை, தோல் பக்கம் உப்பல். எப்படிப் பாதி என்று சொல்வது? கட்டம் போட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே கொட்டையை இருநூறு முறை போடலாம் என்று முடிவாயிற்று. அவள் போட்டாள், நான் கோடு கிழித்தேன்.