துவர்ப்பு என்னும் சொல்லும் சிவப்பு ஒயினும்

சிவப்பு ஒயினுக்கு இறைச்சி, வெள்ளை ஒயினுக்கு மீன் என்னும் வாய்பாடு ஐரோப்பிய உணவுமேசையிலிருந்து புறப்பட்டு மூணாற்று விடுதிகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. அந்த வாய்பாட்டில் காய்கறிக்கு இடம் குறைவு. காளானும் கத்திரிக்காயும் ஒரு மூலையில் இருக்கும். பாலக்காட்டு மொளகூட்டலும் எரிசேரியும், இடுக்கித் தோட்டக் குடியிருப்புகளின் வாழைப்பூப் பொரியலும் பிஞ்சுப் பலாக் கறியும் அங்கே இல்லை. பட்டியலில் சில பெயர்கள் விடுபட்டன என்று இதைக் கடந்துபோக முடியாது. சுவையைப் பேசும் சொற்கள் யாருடைய அடுக்களையிலிருந்து எடுக்கப்பட்டன என்னும் கேள்வி இதற்குள் இருக்கிறது.

சிவப்பு ஒயினின் தன்மையைத் தீர்மானிப்பது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள இந்தச் சேர்மங்கள், தோலோடு சேர்த்து நொதிக்கவிடும்போது நிறத்துடன் கூடவே சாற்றில் இறங்குகின்றன. வாயில் பட்டதும் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ள, நாவின் வழுவழுப்பு போய் வறட்சியும் இறுக்கமும் தோன்றுகின்றன. கொழுப்பும் புரதமும் மிகுந்த இறைச்சியோடு உண்ணும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. வாய்பாட்டின் அடிப்படை இவ்வளவே. புரதமும் கொழுப்பும் இறைச்சியில் மட்டும் இருப்பன அல்ல என்பதை அது மறந்துவிடுகிறது.

இன்றைய உடலியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி என்னும் ஐந்தை மட்டுமே சுவையெனக் கொள்ளும். டானின் தரும் உணர்வை அது பெரிதும் தொடுவுணர்ச்சியில் சேர்க்கும். மிளகாயின் எரிவையும் அவ்வாறே. தமிழ் மரபின் அறுசுவையில் துவர்ப்பும் கார்ப்பும் முழு உரிமையுள்ள சுவைகள். ஒயினை உணவோடு பொருத்தும்போது பெரும்பாலான சிக்கல்கள் எழுவது இவ்விரண்டினாலேயே என்பது கவனிக்கத்தக்கது. மலையாளம் துவர்ப்பைச் சவர்ப்பு என்கிறது. எல்லையின் இருபுறத்துப் பேச்சிலும் இச்சுவைக்கு அன்றாடச் சொல் உண்டு. தமிழில் துவர் என்னும் வடிவம் செந்நிறத்தையும் குறிக்கும். துவராடை என்பது காவி தோய்த்த ஆடை. இரு பொருளும் ஒரே வேரினவா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும் நிறமும் துவர்ப்பும் ஒரே தோலிலிருந்து இறங்கும் ஒரு பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வாய்ப்பது அரிது.

சொல் இருக்குமிடத்தில் நுட்பமும் இருக்கும். வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கியவுடன் மோரில் போடுவது இப்பகுதி வீடுகளில் எழுதப்படாத விதி. கறுத்துப்போகாமல் இருக்கவும் துவர்ப்பு குறையவும் அப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். மோரின் புளிப்பு கறுப்பதைத் தடுக்கிறது. அதிலுள்ள கேசின் என்னும் பால்புரதம் டானினைப் பற்றிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒயின் தயாரிப்பாளர்கள் மிகையான துவர்ப்பைத் தணிக்க ஆடை நீக்கிய பாலையும் முட்டை வெண்கருவையும் பீப்பாயில் இட்டு வந்ததும் இதே காரணத்தால்தான். ஓரிடத்தில் அது தொழில்நுட்பம் என்று ஏடேறியது. மற்றோரிடத்தில் பாட்டியின் கைப்பக்குவம் என்று நின்றுவிட்டது.

இடுக்கியின் மலைச்சரிவுகளில் இன்னொரு சான்று உண்டு. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்கே தேயிலை கிள்ளும் குடும்பங்களின் வீட்டுமொழி பெருமளவில் தமிழாகவே தொடர்ந்தது. அவர்களின் அன்றாடப் பானமான தேநீரும் துவர்ப்புடையது. அவித்த கப்பையையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியையும் கட்டன் சாயாவோடு உண்பதும், பால் சேர்த்துத் துவர்ப்பைத் தணிப்பதும் இன்ன உணவுக்கு இன்ன பானம் என்னும் தேர்வுகளே. ஒயின் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வீடுகள் பொருத்தம் பார்க்கத் தெரிந்திருந்தன.

இந்த அறிவைக் கொண்டு பாலக்காட்டு இலையைப் பார்த்தால் விடைகள் தாமே தெளிகின்றன. மொளகூட்டலில் புளி இல்லை. வேகவைத்த பருப்பும் அரைத்த தேங்காயும் சீரகமும் உண்டு. பருப்பின் புரதமும் தேங்காயின் கொழுப்பும் மென்மையான துவர்ப்புள்ள சிவப்பு ஒயினை எளிதில் ஏற்கும். பூசணியும் வன்பயறும் சேர்ந்த எரிசேரியின் மேல் பொன்னிறமாக வறுத்துக் கொட்டும் தேங்காயில், ஓக் பீப்பாயில் முதிர்ந்த ஒயினின் வறுமணத்துக்கு உறவான மணம் எழும். சேப்பங்கிழங்கோ வாழைக்காயோ இட்ட மெழுக்குப்புரட்டியும் அவ்வகையே. ஓலனின் நிலை வேறு. நீர்ப்பூசணியும் தேங்காய்ப்பாலும் பச்சைத் தேங்காயெண்ணெயும் சேர்ந்த அந்த மெல்லிய சுவையைச் சிவப்பு ஒயின் மூழ்கடித்துவிடும். காளனின் முற்றிய தயிர்ப்புளிப்பு, அமிலம் குறைந்த ஒயினைச் சப்பென்று ஆக்கும். மிளகாய் மிகுந்த புளிங்கறியோடு துவர்ப்பு மிகுந்த ஒயினைச் சேர்த்தால், ஆல்கஹாலும் டானினும் எரிவைக் கூட்டி வாயைப் புண்போல் ஆக்கும். பொருந்தாதவற்றைப் பொருந்தா என்று சொல்வதும் இக்கலையின் பகுதியே.

மிளகின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. ஷிராஸ் திராட்சையின் ஒயினில் மிளகு மணக்கிறது என்பதை நீண்டகாலம் ஓர் உவமையாகவே கருதினர். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை இனங்கண்டனர். கருமிளகிலும் இருப்பது அதுவே. ஏறக்குறைய ஐவரில் ஒருவரால் அதை நுகர முடிவதில்லை என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. முசிறியிலிருந்து மிளகு சென்றதையும், அங்கே சிறிதளவு ஒயின் வந்திறங்கியதையும் செங்கடல் வழிநூலான பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. பட்டணம் அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. மேற்குக் கரையைக் கொங்கு நாட்டோடு இணைத்த வழி பாலக்காட்டுக் கணவாய். ஆகவே இந்த நிலத்துக்குச் சிவப்பு ஒயின் முற்றிலும் அயலான விருந்தாளி அன்று. மிளகின் பெயரைத் தாங்கிய மொளகூட்டலுக்கு நாசிக்கிலோ நந்திமலை அடிவாரத்திலோ விளைந்த ஷிராஸைப் பரிந்துரைப்பது பழைய வணிகத்தின் தொடர்ச்சியாகவே அமையும்.

ஆனால் இடுக்கி எல்லையின் சொந்த ஒயின் வேறொன்று. குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. ஆண்டு முழுவதும் அறுவடையாகும் அங்குள்ள பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். பன்னீர் என்பது அதன் மணத்தால் அமைந்த தமிழ்ப் பெயர். கருந்திராட்சையைச் சர்க்கரையோடும் பட்டை, கிராம்போடும் பரணியில் இட்டு நொதிக்கவைத்துக் கிறிஸ்துமஸுக்கு இனிப்பு ஒயின் செய்வது கேரளக் கிறிஸ்தவ வீடுகளின் நெடுநாள் வழக்கம். உரிமமின்றி இவ்வாறு செய்வது அப்காரிச் சட்டப்படி குற்றம் என்று 2019இல் கலால் துறை எச்சரித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. வல்லுநர்கள் தாழ்வாக மதிக்கும் இந்த இனிப்பே மிளகாய் உணவுக்கு ஏற்றது. இனிப்பு எரிவைத் தணிக்கும், துவர்ப்புக் குறைவு எரிவைத் தூண்டாது. புளிங்கறிக்கும் காந்தாரிச் சம்மந்திக்கும் விலையுயர்ந்த புட்டிகள் தர முடியாத விடையை அந்தப் பரணி தருகிறது.

இதையெல்லாம் குடிப்பதற்கான அழைப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. மொளகூட்டலை வளர்த்தெடுத்த அக்கிரகாரங்கள் மதுவை விலக்கி வாழ்ந்தவை. தோட்டக் குடியிருப்புகளில் மது சிதைத்த குடும்பங்கள் பல. ஒயினை ஒருபோதும் தொடாதவருக்கும் இந்தச் சொல்வளத்தில் பங்கு உண்டு என்பதே இங்கு முக்கியம். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து விடுதிப் பணிக்குப் பயிலும் மாணவர், தாம் கண்டிராத பிளாக்கரண்ட் பழத்தையும் தேவதாரு மரத்தையும் சுவைக்குறிப்புகளாக மனப்பாடம் செய்கிறார். நாவற்பழமும் நெல்லிக்காயும் வாழைப்பூவும் அவர் நாவு நன்கறிந்தவை. அவற்றைப் பாடப்புத்தகம் கேட்பதில்லை; அதனால் தமக்கு எதுவும் தெரியாது என்றே அவர் எண்ணிக்கொள்கிறார்.

சுவைச்சொற்களைத் தொகுக்க விரும்பும் மொழியியல் மாணவர்கள் அகராதியிலிருந்து தொடங்காமல் சித்தூரிலும் வண்டிப்பெரியாற்றிலும் உள்ள அடுக்களைகளிலிருந்து தொடங்கலாம். எந்தக் காய் எப்போது துவர்க்கும், எதனால் அது அடங்கும் என்று கேட்டால் போதும். விடை சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மூத்தவர்கள். அவர்கள் சொல்வதை எழுதிவைக்கும் வேலை காத்திருக்கிறது.