மூட்டத்துக் கரியும் குரோமியத் தண்ணீரும்

முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகும் வழியில், கண்மாய்க் கரைகளை ஒட்டி அங்கங்கே மண்மேடுகள் புகைந்துகொண்டிருக்கும். கரிமூட்டங்கள். மழை பொய்த்த வருடங்களில் ராமநாதபுரம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்ட தொழில் இது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக்கருவேல்தான் மூலப்பொருள். கழிவுநீரில் கலந்திருக்கும் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களைத் தாவரக்கரி பிடித்துவைக்கும் என்பது ஆய்வகங்களில் பலமுறை கண்டறியப்பட்ட செய்தி. அந்தக் கரியை இந்த மூட்டங்களிலேயே எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

மூட்டத்தில் பாதி வேலை அடுக்குவதுதான். பருத்த தூர்க்கட்டை, கைப்பருமன் விறகு, இடுக்குகளில் சுள்ளி. பெரிய சந்து எங்கும் விழக்கூடாது. மேலே வைக்கோலும் தழையும் பரப்பி ஈரமண்ணால் மூடுகிறார்கள். தீ வைத்த பிறகு அடியில் விட்ட சிறு துளைகள் வழியாக மட்டுமே காற்று உள்ளே போகும். நெருப்பு இருக்க வேண்டும், கொழுந்துவிடக் கூடாது. ஈரமும் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிக் கரி தங்கும். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் நல்ல மூட்டம்.

மூட்டக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. எதை வைத்துப் பதம் பார்க்கிறீர்கள் என்றேன்.

"பொகையத்தான் தம்பி. வெள்ளையா வந்தா தண்ணி போகுது. மஞ்சளாகி கண்ணக் கரிச்சா உள்ள கட்ட வேகுது. நீலமா, மெல்லிசா வந்துருச்சுன்னா ஓட்டைய அடச்சிறணும். அசந்தோம், சாம்பல்தான்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேட்டின் தென்புறம் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. அருகிலிருந்த அக்கா ஒருவர் இரண்டு கை சேற்றை அள்ளி அதில் அப்பினார். பிறகு புறங்கையை மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தபடி மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அங்கும் சேறு அப்பினார். உள்ளே காற்று ஏறும் இடத்தில் மண் அதிகம் சுடுமாம். இந்த மேட்டின்மீது ஏறித்தான் சில நேரம் அடைக்க வேண்டும். உள்ளே வெந்து குழியாகியிருந்தால் கால் இறங்கிவிடும். அந்த அக்காவின் கணுக்காலில் பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறது.

இவர்கள் புகையிலும் புறங்கையிலும் அறிவதைத்தான் ஆய்வகத்தில் உலையின் வெப்ப எண்ணாகக் குறிக்கிறார்கள். 300 டிகிரி செல்சியஸ் பக்கம் எடுத்த கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த வேதித் தொகுதிகள் நிறைய மிஞ்சும். ஈயத்தையும் செம்பையும் பற்றிக்கொள்பவை அவை. 600, 700 டிகிரிக்குப் போனால் அத்தொகுதிகள் குறையும், நுண்துளைகள் பெருகும். கரியிலுள்ள சாம்பலும் சும்மா இருப்பதில்லை. அதிலிருக்கும் கால்சியம், பொட்டாசியம் அயனிகள் தண்ணீருக்குள் போக, அவற்றின் இடத்தில் உலோக அயனிகள் வந்து உட்காரும். கார்பனேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து ஈயம் படிவாக இறங்கும். ஒரே கரி எல்லா உலோகத்துக்கும் ஆகாது.

குரோமியத்தின் கதை வேறு. தோல் பதனிடுவதில் சேர்ப்பது மூவிணைதிறன் குரோமிய உப்பு. காரம் சேர்த்தால் பெரும்பகுதி படிந்துவிடும். அறுவிணைதிறன் குரோமியம் அப்படி அடங்காது. தண்ணீரில் எளிதில் கரைந்து நகரும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கழிவிலிருந்து, மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்த வகைதான். ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி.

மூட்டத்தடியில் சலித்து ஒதுக்கிய தூளை ஒரு பையில் வாங்கிக்கொண்டு மதுரைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்துக்குப் போனேன். தூளைக் கழுவி, உலர்த்தி, மஞ்சள் நிற டைகுரோமேட் கரைசலில் போட்டு ஆட்டினார்கள். வெறும் தண்ணீரில் நிறம் லேசாகத்தான் குறைந்தது. அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2 பக்கம் இறக்கிய குடுவையில் வடிகட்டிய நீர் ஏறக்குறைய தெளிந்திருந்தது. டைபினைல்கார்பசைடு சொட்டினால் அறுவிணைதிறன் குரோமியம் செவ்வூதாவாகக் காட்டிக்கொடுக்கும். முதல் குடுவை சட்டென்று சிவந்தது. இரண்டாவதில் வெளிறிய ரோஜா நிறம்தான்.

எனக்கு மனம் துள்ளியது. ஆய்வு மாணவி கையமர்த்தினார். "சார், இது முழுசாப் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கரி அதை மூவிணைதிறனா மாத்தியும் இருக்கலாம். மொத்தக் குரோமியம் பார்த்தாத்தான் தெரியும்." அவர் சொன்னது நியாயம். நிறம் போனதைப் படம் பிடித்து நீர் சுத்தமாகிவிட்டது என்று பரப்பும் காணொளிகளை நம்பிக் கழிவுநீரை ஓடையில் விட்டால் கேடு ஊருக்குத்தான். அமிலம் ஊற்றிய நீரை வெளியே விடுமுன் மறுபடி காரம் சேர்த்துச் சமன்செய்ய வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாற்றாக இதை நான் பார்க்கவில்லை. கோவைப் பக்கத்துச் சிறிய முலாம்பூசும் பட்டறைகளுக்குக் கடைசிக் கட்ட வடிகட்டியாகப் பயன்படலாம்.

உலோகத்தைப் பிடித்த கரியை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். உலோகம் அழிவதில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறுகிறது. அதை வயலில் எருவாகப் போடக்கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது. அபாயக் கழிவுக்கான பாதுகாப்பான கிடங்குக்குத்தான் போக வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத பட்டறைக்கு ஒரு மூட்டைக் கரிகூடக் கொடுக்கக்கூடாது என்பேன்.

மூட்டத்துக் கரிக்கும் ஒரு குறை உண்டு. நடுவில் வெந்ததும் ஓரத்தில் வெந்ததும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. ஆனால் கரி பிரிக்கும் பெண்கள் அதை ஏற்கெனவே அறிவார்கள். தட்டினால் கணீரென்று ஒலிப்பது ஒரு குவியல், மந்தமாக ஒலிக்கும் அரைவேக்காடு இன்னொரு குவியல். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கக் கரித்தூளுக்குள் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். அந்தத் தூள் அற்ப விலைக்குத்தான் போகிறது.

குவியல் வாரியாகத் தூள் எடுத்துத் தனித்தனியே சோதிக்க ஆய்வகத்தார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மூட்டத்தில் வெப்பமானிக் கம்பிகளும் செருகப் போகிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில் என்பதை மூட்டக்காரரும் அந்த அக்காவும்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கான கூலியை ஆய்வுச் செலவிலேயே சேர்க்கும்படி ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பிரிக்கும் பெண்களுக்கு நல்ல முகக்கவசமும், பதம் பார்த்துப் பிரித்த தூளுக்குக் கட்டைக்கரிக்குக் குறையாத விலையும் அதே கடிதத்தில் இருக்கின்றன.