தலையில்லாக் கணிப்பொறி

கவந்தனை அறியாத தமிழ் மாணவர் இரார். இந்திரனின் வச்சிரத்தால் தலை வயிற்றுக்குள் அழுந்திவிட, நீண்ட இரு கைகளால் காடெல்லாம் துழாவி உயிர் வாழ்ந்தவன் அவன். திரையின்றி ஓடும் கணிப்பொறிக்கு ஆங்கிலத்தில் ‘தலையில்லாதது’ என்றே பெயர். என் விடுதி அறையில் அப்படியொரு கவந்தன் இருக்கிறான். வலைக்கம்பி ஒன்றே அவனுக்குக் கை.

அவன் தலையிழந்த வரலாறு சிறியது. திரை பழுதாயிற்று, புதிது வாங்க உதவித்தொகை இடந்தரவில்லை. யமுனையின் வெள்ள ஓட்டம் பற்றிய என் ஆய்வுக் கணக்கோ வாரக்கணக்கில் ஓட வேண்டியது. அறைத் தோழர் துக்கம் விசாரித்தார். திரைதான் கணிப்பொறி என்பது அவர் கொள்கை. திரை வெறும் பலகணி, ஐயா! அதைச் சாத்தினாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். சுமார் 20 வாட் மின்சாரமும் மிச்சம்.

அவனோடு பேசுவதற்கு எஸ்.எஸ்.எச். என்றொரு வழி உண்டு. 1995-இல் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக் கழக வலையில் எவரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினர். அங்கிருந்த தாத்து யுலோனென், பேச்சு முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் இம்முறையை வகுத்தார். 21, 23 என்ற பழைய வாயில்களுக்கு நடுவே 22 காலியாயிருந்தது. அதைக் கேட்டுப் பெற்றார். இன்று கைப்பேசியிலிருந்தே அவ்வாயிலைத் தட்டலாம்.

ஆனால் ஒரு வேடிக்கை. திரையின்றி வாழப் பழக்குவதற்கே முதலில் ஒரு திரை வேண்டும்! பக்கத்து அறையில் ஒரு மாலைக்கு இரவல் வாங்கினேன். பழைய பொறிகள் பல, ‘விசைப்பலகை இல்லை, தொடர எப்-1 விசையை அழுத்துக’ என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும். இல்லாத பலகையில் எதை அழுத்துவது? பயாஸ் என்னும் அடிப்படை நிரலில் அந்தப் பிடிவாதத்தை நீக்கினேன். மின்சாரம் போய் வந்தால் தானே எழவேண்டும் என்ற கட்டளையையும் அங்கேயே இட்டேன். வலையில் அவனுக்கு மாறாத முகவரி ஒன்றும் வாங்கினேன். கணக்கு, மணிக்கொருமுறை தன் நிலையை வட்டில் எழுதிக்கொண்டு, எழுந்ததும் விட்ட இடத்தில் தொடருமாறு செய்தேன்.

கோடை விடுமுறையில் அறையைப் பூட்டிவிட்டு நெல்லைக்கு இரயிலேறினேன். ஆய்வேட்டைத் தர நான்கு மாதமே இருந்தது. வீடு வந்த மூன்றாம் நாள் பல்கலைக் கழக வலைக்குள் நுழைந்து கூப்பிட்டேன், பதிலில்லை. கம்பி கழன்றதோ, வட்டு பழுதோ? முகமில்லாதவனுக்கு முகம் பார்த்து நோய் சொல்ல முடியாதே! சாவியோ என் பையில். விடுதியில் மின்சாரமில்லை என்று பிற்பகலில் நண்பர் ஒருவர் செய்தி அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. ஆயினும் மின்சாரம் மீண்டால் எழுவானா என்ற கேள்வி நின்றது. கால்மணிக்கொருமுறை கூப்பிட்டேன், இரவுச் சோறு ஆறிப்போயிற்று.

ஒன்பதரை மணிக்குப் பதில் வந்தது. நுழைந்து பார்த்தேன், கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நஷ்டம் ஒரு மணிக்கும் குறைவு.

“யாருக்குல இந்நேரத்துல எழுதிட்டிருக்க?” என்றார் அம்மா.

“தில்லி ரூமுக்கும்மா.”

“அங்க யாரு இருக்கா?”

“ஒருத்தரும் இல்ல.”

“ஆளில்லாத ரூமுல எதுக்குல கரண்டு ஓடுது?” என்று கேட்டுவிட்டு, சோற்றைச் சூடாக்க எழுந்து போனார்.