நார்மலா, ஆபரேஷனா?

தச்சநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தால், "ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?" என்றுதான் முன்பெல்லாம் முதலில் கேட்பார்கள். இப்போது அதற்கும் முந்திக்கொண்டு, "நார்மலா, ஆபரேஷனா?" என்கிறார்கள். ஆபரேஷன் என்றால் யாருக்கும் ஆச்சரியமில்லை. நார்மல் என்றால்தான், "பரவாயில்லையே!" என்கிறார்கள்.

அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. என் ஆச்சிக்கு ஆறு பேறுகாலமும் வீட்டிலேயே மருத்துவச்சி கையால்தான். ஆறில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நாடித்துடிப்பு இறங்கினாலோ, நஞ்சுக்கொடி வாசலை அடைத்துக்கொண்டிருந்தாலோ சிசேரியன்தான் உயிர் காக்கும். தேவையில்லாதபோது அதைச் செய்வதுதான் கவலை.

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாத ஸ்கேனில், "கொடி சுற்றியிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள் ஒரு தனியார் மருத்துவமனையில். மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரம் பார்த்து நேரமும் குறித்துக் கொடுத்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கொடி சுற்றியிருப்பது சாதாரணமாகக் காணப்படுவதுதான், அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது குழந்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பின் மேலேயே ஒட்டியிருப்பது தெரிந்தது. எட்டாம் மாதம் ஒரு ராத்திரி ரத்தப்போக்கு. ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். தெருப் பையன்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு வயது 29.

வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்னாள்: "பிள்ளை நல்லாருக்கான், அது போதும்க்கா. ஆனா முத ஆபரேஷனப்பவே, அடுத்த பேறுகாலத்துக்கு இப்படியும் வரலாம்னு ஒருத்தராவது சொல்லிருக்கலாம்லா?"

அவள் கேட்டது நம் மாநிலத்தில் பல பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுவதற்கும் சராசரி 21.5தான். 2015-16-ல் தமிழ்நாட்டின் கணக்கு 34 ஆக இருந்தது. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவிகிதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

பழியை டாக்டர்கள் மீது மட்டும் போட முடியாது. சிறிய மருத்துவமனையில் ஒரே டாக்டர் இருப்பார். மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், பகலிலேயே முடித்துவிடுகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் உண்டு. நம் பக்கம் வலிக்குப் பயம், நல்ல நேர ஆசை. வலி குறைக்கும் ஊசி, தைரியம் சொல்லப் பக்கத்தில் ஒரு துணை, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் எல்லாம் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

சிசேரியன் வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன். சுகப்பிரசவத்தைவிட ரத்த இழப்பு, கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகள் இதில் அதிகம். அடுத்தடுத்த ஆபரேஷன்களில் குடலும் சிறுநீர்ப்பையும் தழும்போடு ஒட்டிக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேர்விடும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். இரண்டு மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை முதல் பிரசவத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தான் என்று கட்டாயமில்லை. தகுதியானவர்கள் முயன்றால் 100-ல் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏறத்தாழ 200-ல் ஒருவருக்குத் தழும்பு விட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. அதனால் எந்த நேரமும் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில்தான் முயல வேண்டும்.

ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு ஆபரேஷன் தேவைப்பட என்ன காரணம் இருக்கிறது? இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் என்ன ஆகும்? அடுத்த பிரசவத்தை இது எப்படிப் பாதிக்கும்? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அவசரம் என்று அவர் சொன்னால் உடனே கையெழுத்துப் போடுங்கள், ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். அவசரமில்லை என்றால், ஒரு நாள் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.