ஓரத்துச் சிப்பாய்

புனேயில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிகளுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைகிற அப்பாக்களுக்கு இது புரியும். பள்ளிக்கூட ஹால், வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, கையில் வடா பாவ், ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரில் ஒட்டுகிற பேரிங் ஷீட். அதில் கறுப்புக் காய் என்று வந்துவிட்டால் என் பையனுக்கு (வயசு பதினொண்ணு) முகம் சுருங்கிவிடும்.

காரணம் இருக்கிறது. இவன் வாரத்துக்கு ஒரு வகுப்பு போகிறவன். எதிரே உட்காருவது தினமும் இரண்டு மணி நேரம் கோச்சிங் போகிற பிள்ளைகள். சிசிலியன் ஆடினாலும் சரி, ஈ5 ஆடினாலும் சரி, பதினைந்து நகர்த்தல் வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். இவன் ஏழாவதிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவான். கடிகாரம் ஓடும். போன வருஷம் ஒரு போட்டியில் கறுப்பில் ஆடிய மூன்று ஆட்டமும் தோல்வி. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நான் இனிமே வரலை" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அன்றைக்கு ராத்திரி போர்டை எடுத்து வைத்து அவனுக்கு ஏ6 சொல்லிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஈ4க்குத் தள்ளுகிறது. நடுக்கட்டத்துக்காக ஊரே அடித்துக்கொள்ளும்போது, கறுப்பு ஓரத்து யானைக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறது. அடுத்து பி5. நேராக பி5 போனால் என்ன என்பீர்கள். வெள்ளையின் மந்திரி (எங்கள் ஊரில் பிஷப்புக்கு அதுதான் பெயர்) எஃப்1லிருந்து வந்து சும்மா தின்றுவிட்டுப் போகும். அதற்குத்தான் ஏ6 காவல். பிறகு நம் மந்திரி பி7ல் உட்கார்ந்து ஈ4 மேல் கண் வைக்கும். குதிரை எஃப்6, சிப்பாய் ஈ6, சமயம் பார்த்து சி5. நடுவை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரத்திலிருந்து அரிக்கிற வேலை. செயின்ட் ஜார்ஜ் டிஃபன்ஸ் என்று பெயர்.

1980ல் ஸ்வீடனில் ஸ்காரா என்ற ஊரில் ஐரோப்பிய அணிப் போட்டி. உலக சாம்பியன் கார்ப்போவ் ஈ4 ஆட, இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 என்றார். அடுத்தது பி5. உலக சாம்பியனிடம் ஆடுகிற ஆட்டமா இது என்றுதான் யாருக்கும் தோன்றும். 23வது நகர்த்தலில் கார்ப்போவ் ராணியை டி3க்குக் கொண்டுபோய் மிரட்டினார். மைல்ஸ் யானையை மாற்றிக்கொண்டு, ராணியால் பி2 சிப்பாயைத் தின்றார், அடுத்ததில் ஈ5 சிப்பாயையும். 46வது நகர்த்தலில் கார்ப்போவ் தோற்றார். ஏ6 ஆடியதால் மட்டும் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனப்பாடம் செய்த எதுவும் செல்லாத இடத்துக்குச் சாம்பியனை இழுத்துக்கொண்டு போனது ஏ6தான்.

இந்த ஆட்டம் எனக்குக் கிடைத்தது காலேஜ் ஹாஸ்டலில், யாரோ வைத்திருந்த ஒரு பழைய புத்தகத்தில். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். லீவுக்குத் திருநெல்வேலி போனதும் அப்பாவிடம் ஏ6 ஆடினேன். "என்னல, ஓரத்துல போய் நோண்டிக்கிட்டிருக்க?" என்று சிரித்தார். அன்றைக்கு நான் ஜெயித்தேன். அப்பா பேசாமல் காய்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார். ஏ4, அப்புறம் சி4 என்று என் ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டார். ராத்திரி மனுஷர் தூங்கவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

அடுத்த போட்டியில் பையனுக்குக் கறுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏ6 ஆடினான். எதிரே இருந்த பையன் போர்டைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்புறம் கன்னத்தில் கை வைத்துப் பத்து நிமிஷம் யோசித்தான். எனக்கு அதுவே ஜெயித்த மாதிரி :-)

அந்த ஆட்டத்திலும் தோல்விதான். ஆனால் கடைசியாக வெளியே வந்தவர்களில் இவனும் ஒருத்தன். வந்ததும் வராததுமாக, "அப்பா, அவன் ஏ4 ஆடினா பி4 தள்ளணுமா, சிப்பாயை அடிக்கணுமா?" என்றான்.

கோச்சுக்குக் கோபம். சின்னப் பிள்ளைகள் முதலில் நடுக்கட்டத்துக்குச் சண்டை போடக் கற்க வேண்டும், குறுக்கு வழி காட்டாதீர்கள் என்று ஹிந்தியில் விளாசினார். பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. பையன் வாரம் முழுக்க ஈ5 படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஏ6 ஆடுகிறான். இது இப்படியே எத்தனை நாள் ஓடும் என்று பார்க்க வேண்டும்.

ஏ4க்கு எனக்கும் பதில் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆளுக்கு அன்று ராத்திரி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "இன்னும் ஓரத்துல நோண்டுறது நிக்கலையால?" என்றார் அப்பா. அடுத்த நிமிஷம் அங்கே டப்பா திறக்கிற சத்தம்.

"அவன் ராணி யானைச் சிப்பாயை நாலுக்குத் தள்ளுதான் பாரு, நீ ராணிக் குதிரைச் சிப்பாயை அஞ்சுக்குத் தள்ளிரு."

பையன் விழித்தான். "தாத்தா என்ன பாஷை பேசறார்?"

பழைய முறை அது. அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். பிடே 1981லேயே அதை விட்டுவிட்டது, அப்பா விடவில்லை. அவருடைய அஞ்சு, இவனுடைய பி4. இவன் பி7 என்றால் அவருக்கு அது ராணிக் குதிரை ரெண்டு. நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மந்திரி எங்கே நிக்குது என்று அவர் கேட்க, எந்த மந்திரி என்று இவன் கேட்க, தங்கமணி மூன்றாவது தடவையாக வந்து தோசை ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.